வி.ஏ. மருத்துவமும் மெடிகேரும்: 65 வயதில் இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது?

அமெரிக்க ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு 65 வயது நெருங்கினால் தபால்பெட்டி முழுக்க மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பற்றிய கடிதங்களாகவே இருக்கும். "எனக்குத்தான் வி.ஏ. இருக்கிறதே, இது எதற்கு?" என்று அதையெல்லாம் ஓரமாக வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். இந்தப் பதிவு அவர்களுக்காக, அப்புறம் அவர்களுடைய பேப்பர் வேலையைக் கவனிக்கும் மகன், மகள், மருமக்களுக்காக.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத்துறை) நடத்தும் மருத்துவத்துக்கும் மெடிகேருக்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாது. வி.ஏ. மருத்துவமனையில் பார்த்த வைத்தியத்துக்கு மெடிகேர் ஒரு சென்ட்கூடத் தராது. வெளியே மெடிகேரில் பார்த்தால் உங்கள் பங்குக்கு வரும் தொகையை வி.ஏ. கட்டாது. இரண்டு இன்சூரன்ஸ் இருந்தால் ஒன்று முதலில் கட்டும், மிச்சத்தை மற்றது பார்த்துக்கொள்ளும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம், ஆனால் இங்கே ஒவ்வொரு தடவையும் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம் என்று நாமே தீர்மானிக்க வேண்டும், தப்பான வாசலில் நுழைந்தால் பில் நம் தலையில்.

படி 1: உங்களிடம் இருப்பது எது?

வி.ஏ., ட்ரைகேர், சாம்ப்விஏ மூன்றும் வேறு வேறு. பொதுவாக 20 வருடம் சேவை செய்து ஓய்வூதியத்தோடு வந்தவர்களுக்கு ட்ரைகேர் என்ற ராணுவக் காப்பீடு. அவர்கள் மெடிகேருக்குத் தகுதி பெற்றதும் அது 'ட்ரைகேர் ஃபார் லைஃப்' ஆக மாறுகிறது, அதற்கு மெடிகேரின் பார்ட் ஏ (மருத்துவமனையில் தங்கும் செலவு), பார்ட் பி (மருத்துவர், வெளிநோயாளிச் செலவு) இரண்டும் கட்டாயம். அங்கே மெடிகேர் முதலில் கட்டி, ட்ரைகேர் மிச்சத்தைக் கட்டும் வழக்கம் உண்டு. சேவையால் நிரந்தரமான முழு ஊனம் என்று வி.ஏ. மதிப்பிட்டவரின் மனைவிக்கோ கணவருக்கோ கிடைப்பது சாம்ப்விஏ. 65 ஆனால் அதற்கும் பார்ட் பி வேண்டும். சாதாரண வி.ஏ. மருத்துவத்துக்கு மெடிகேர் கட்டாயமில்லை. கீழே சொல்வதெல்லாம் இந்தச் சாதாரண வி.ஏ. வகைக்குத்தான்.

வி.ஏ.வில் இன்னும் பதிவே செய்யவில்லையென்றால் டிடி-214 என்ற பணிவிடுப்புச் சான்றை எடுத்துக்கொண்டு 10-10ஈஇசட் படிவத்தை நிரப்புங்கள், இணையத்திலேயே செய்யலாம். முன்னால் ஒருமுறை முடியாது என்று திருப்பி அனுப்பியிருந்தாலும் மறுபடி முயலுங்கள். 2022இல் வந்த பேக்ட் சட்டத்துக்குப் பிறகு, ஏஜென்ட் ஆரஞ்சு (வியட்நாம் போரில் தெளித்த களைக்கொல்லி), எரிகுழிப் புகை (முகாம்களில் குப்பையைக் குழியில் போட்டு எரித்த புகை) போன்ற நச்சுகள் பட்டவர்களுக்குக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது.

படி 2: பார்ட் ஏ எடுத்துவிடுங்கள்

நீங்களோ உங்கள் துணையோ பத்து வருடம் மெடிகேர் வரி கட்டியிருந்தால் பார்ட் ஏவுக்கு மாதத்தொகை கிடையாது. யோசிக்க ஒன்றுமில்லை. ஒரே விதிவிலக்கு, இன்னும் வேலையில் இருந்து ஹெச்.எஸ்.ஏ. (வரிச்சலுகையுள்ள மருத்துவச் சேமிப்பு) கணக்கில் பணம் போட்டுக்கொண்டிருப்பவர்கள். பார்ட் ஏ வந்ததும் அப்படிப் பணம் போடுவதை நிறுத்த வேண்டும்.

படி 3: பார்ட் பி, இங்கேதான் தலைவலி

2026இல் பார்ட் பிக்கு மாதம் 202.90 டாலர், வருமானம் அதிகமென்றால் இன்னும் கூடும். வி.ஏ.வில் எல்லாம் கிடைக்கும்போது இதை ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் 65இல் எடுக்காமல் விட்டு, பிறகு வேண்டுமென்று போனால், விட்டுப்போன ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் அபராதம், அதுவும் பார்ட் பி இருக்கும் வரை. வி.ஏ. வைத்திருந்தேன் என்று சொன்னால் இந்த அபராதம் போகாது. ஐந்து வருடம் தள்ளிப்போட்டவருக்கு 50 சதவீதம், இன்றைய கணக்கில் மாதம் ஏறக்குறைய 304 டாலர். பார்ட் பி தொகை ஏற ஏற அபராதமும் கூடவே ஏறும்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் நீங்களோ துணையோ இன்னும் வேலையில் இருந்து அந்தக் காப்பீடு இருந்தால் அபராதமின்றித் தள்ளிப்போடலாம். வேலையோ அந்தக் காப்பீடோ, எது முதலில் முடிகிறதோ அதிலிருந்து 8 மாதம் அவகாசம். வேலையிலிருந்து நின்றுவிட்டு வி.ஏ.வை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

என் கருத்து: கட்ட முடிகிறவர்கள் எடுத்துவிடுவது நல்லது. வி.ஏ. பட்ஜெட் வருடாவருடம் நாடாளுமன்றம் ஒதுக்குவது, அதில் எட்டு முன்னுரிமைப் பிரிவுகள் இருக்கின்றன, பணம் குறைந்தால் கடைசிப் பிரிவுக்காரர்கள்தான் முதலில் பாதிக்கப்படுவார்கள். 2003இல் எட்டாம் பிரிவில் புதிதாகச் சேருவதையே நிறுத்தி வைத்தார்கள். சேவையில் வந்த பாதிப்பு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து முதல் பிரிவில் இருப்பவர், வி.ஏ. மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வீடு, கையில் பணமும் குறைவு என்றால் பார்ட் பி இல்லாமல் ஓட்டலாம், அது தெரிந்தே எடுக்கும் முடிவாக இருக்கட்டும். வருமானம் மிகக் குறைவென்றால் மாநில அரசே பார்ட் பி தொகையைக் கட்டும் 'மெடிகேர் சேவிங்ஸ் புரோகிராம்' இருக்கிறது, முதலில் அதை விசாரியுங்கள்.

படி 4: எப்போது, எங்கே சேருவது

பிறந்தநாள் மாதம், அதற்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம், ஆக ஏழு மாதம். முன் மூன்று மாதத்திலேயே முடித்துவிட்டால் பிறந்த மாதம் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வரும். பதிவு செய்வது சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) அலுவலகத்தில், வி.ஏ.வில் அல்ல. ஏற்கெனவே சோஷியல் செக்யூரிட்டி பணம் வாங்குகிறவர்களுக்குக் கார்டு தானாகவே வரும், பார்ட் பி வேண்டாமென்றால் அவர்கள்தான் மறுப்புச் சொல்ல வேண்டும். இன்னும் வாங்க ஆரம்பிக்காதவர்களுக்கு ஒன்றும் தானாக வராது, நாமே போய்ச் சேர வேண்டும். இந்தக் காலத்தைத் தவறவிட்டால் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை இன்னொரு வாய்ப்பு.

படி 5: மருந்துக்கு பார்ட் டி வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வி.ஏ.வின் மருந்துச் சலுகையை மெடிகேர் தனக்குச் சமமானதாக ஏற்றுக்கொள்கிறது, அதனால் பிறகு சேர்ந்தாலும் அபராதமில்லை. வி.ஏ.வில் 30 நாள் மருந்துக்கு 5, 8 அல்லது 11 டாலர், வருடத்துக்கு 700 டாலருக்கு மேல் போகாது, முதல் பிரிவினருக்கு இலவசம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மெடிகேரில் வெளியே ஓர் இதய மருத்துவரைப் பார்க்கிறீர்கள், அவர் புது மாத்திரை எழுதித் தருகிறார். அந்தச் சீட்டை அப்படியே வி.ஏ. ஃபார்மசியில் நீட்டினால் தரமாட்டார்கள். வி.ஏ.வில் இருக்கும் உங்கள் மருத்துவர் அதைப் பார்த்து, சரியென்று பட்டால் அவர் மறுபடி எழுதித் தர வேண்டும், சில சமயம் அவர்கள் பட்டியலில் இருக்கும் வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். அதனால் வெளி மருத்துவரின் குறிப்புகளை வாங்கி வி.ஏ.வுக்கு அனுப்புவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 6: எதற்கு எந்தக் கார்டு

காதுகேட்கும் கருவி, கண்ணாடி, தொடர்ந்து சாப்பிடும் மருந்து, சேவையில் வந்த காயம், இதற்கெல்லாம் வி.ஏ. கார்டு. ஒரிஜினல் மெடிகேர் (அரசே நேரடியாக நடத்தும் பார்ட் ஏ, பார்ட் பி) காதுகருவிக்குக் கட்டாது. வீட்டுக்குப் பக்கத்து மருத்துவர், உடனே பார்க்க வேண்டிய சிறப்பு மருத்துவர் என்றால் மெடிகேர் கார்டு. அதில் பார்ட் பிக்கு வருடத்தில் முதல் 283 டாலர் நம் கையிலிருந்து, அதற்கு மேல் 20 சதவீதம் நம் பங்கு, இதற்கு உச்சவரம்பே கிடையாது. அந்த 20 சதவீதத்துக்காக மெடிகேப் என்ற தனியார் துணைக் காப்பீடு வாங்க நினைத்தால் 65இல் பார்ட் பி தொடங்கிய ஆறு மாதத்துக்குள் வாங்குங்கள், அதற்குள் என்றால் இருக்கிற வியாதியைக் காட்டி மறுக்க முடியாது.

வி.ஏ.வே வெளி மருத்துவமனைக்கு அனுப்பினால் (வி.ஏ. மருத்துவர் 30 நிமிடக் கார் தூரத்துக்கு மேல் இருந்தாலோ, சந்திப்புக்கு 20 நாளுக்கு மேல் ஆனாலோ கேட்கலாம், சிறப்பு மருத்துவருக்கு 60 நிமிடம், 28 நாள்) பில் வி.ஏ.வுக்குப் போகும். அனுமதி கைக்கு வந்த பிறகுதான் போக வேண்டும். வரவேற்பு மேஜையில் "மெடிகேர் கார்டு இருக்கிறதா?" என்று கேட்டதும் பழக்கதோஷத்தில் நீட்டிவிடாமல், "இது வி.ஏ. அனுப்பியது" என்று அனுமதி எண்ணைச் சொல்லுங்கள்.

அவசரமென்றால் 911தான், பக்கத்து மருத்துவமனைதான், யோசிக்கவே வேண்டாம். சிகிச்சை தொடங்கி 72 மணி நேரத்துக்குள் வி.ஏ.வுக்குத் தகவல் போக வேண்டும். மருத்துவமனையே சொல்லிவிடும் என்று நம்பாமல் வீட்டில் யாராவது ஒருவர் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

அட்வான்டேஜ் விளம்பரங்கள்

கொடியும் சீருடையும் போட்டு, படைவீரர்களுக்கென்றே என்று வரும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் (ஒரிஜினலுக்குப் பதிலாகத் தனியார் நடத்துபவை) பலவற்றில் பார்ட் டி இருக்காது, பதிலுக்கு பார்ட் பி தொகையில் கொஞ்சம் திருப்பித் தருவார்கள். சிலருக்கு இது லாபம்தான். உங்கள் வெளி மருத்துவர் அவர்கள் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் ஒரிஜினலுக்குத் திரும்பும்போது மெடிகேப் கிடைக்காமலும் போகலாம்.

ஊருக்குப் போகும்போது

குளிர்காலத்தில் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ சில மாதம் இருந்துவிட்டு வருகிறவர்கள் கவனிக்க: ஒரிஜினல் மெடிகேர் இந்தியாவில் கட்டாது. வி.ஏ. கட்டும், ஆனால் சேவையால் வந்தது என்று அவர்கள் ஏற்றுக்கொண்ட பாதிப்புக்கு மட்டும், 'ஃபாரின் மெடிகல் புரோகிராம்' வழியாக. அதில் முன்கூட்டியே பதிந்துவைத்துவிட்டுக் கிளம்புங்கள். மற்ற எதற்கும் தனிப் பயணக் காப்பீடுதான்.

நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச மெடிகேர் ஆலோசனை இருக்கிறது. அவர்கள் எதையும் விற்பதில்லை. போகும்போது வி.ஏ. முன்னுரிமைப் பிரிவு எது என்ற கடிதத்தையும் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள்.