பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கார்: காப்புறுதி எடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளைகுடாவில் நீண்டகாலம் உழைத்துவிட்டுக் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் திரும்பியவர்கள், 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது காரை முற்றத்தில் நிறுத்திப் பின் எடுக்காமலே விட்டவர்கள், கணவர் ஓட்டிய காரைப் பிள்ளைகளின் பாடசாலைக்காக இப்போது தாமே ஓட்டத் தொடங்கும் பெண்கள் எனத் திருகோணமலையில் பல ஆண்டு இடைவெளிக்குப் பின் வாகனக் காப்புறுதி எடுப்பவர்கள் பலவகை. இவர்களில் பெரும்பாலோர், இத்தனை ஆண்டுகள் ஓட்டாமல் இருந்ததற்காகக் கம்பனி தம்மிடம் கூடுதலாக அறவிடும் என்ற அச்சத்துடனேயே முகவரைச் சந்திக்கிறார்கள்.

அந்த அச்சத்தில் ஒரு பகுதி லண்டனில் இருக்கும் உறவினர்களின் பேச்சிலிருந்து வருவது. பிரித்தானியாவில் சாரதியின் வயதும் அனுபவமும் வசிக்கும் இடமும் கட்டுப்பணத்தைப் பெரிதும் ஏற்றி இறக்கும்; அங்கு சேர்த்த நோ கிளெய்ம் போனஸும், அதாவது இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் கட்டுப்பணத்தில் கிடைக்கும் கழிவும், பொதுவாக இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால் செல்லாமற்போகும். இலங்கையில் தனிப்பட்ட பாவனைக் கார்களுக்கான கட்டுப்பணம் முதன்மையாக வாகனத்தின் பெறுமதி, அதன் வகை, பாவனை, முன்னைய இழப்பீட்டுக் கோரிக்கைகள் ஆகியவற்றைக் கொண்டே கணிக்கப்படுகிறது. ஆகவே இங்கே இடைவெளியின் நேரடி விலை, கைவிட்டுப்போன போனஸ் ஒன்றுதான். அதைவிடப் பெரிய செலவு, மலிவாக எடுக்கவேண்டும் என்ற அவசரத்தில் செய்யும் தவறுகளால் பின்னர் வருகிறது.

முதலில் அந்தப் போனஸையே பார்ப்போம். பழைய கம்பனியுடனான தொடர்பு அறுந்துவிட்டது, இனிக் கேட்டுப் பயனில்லை என்று பலர் தாமாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். எத்தனை ஆண்டு இடைவெளியை ஏற்பது என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடுவதால், இழப்பீடு கோராத ஆண்டுகளைக் குறிப்பிடும் கடிதமொன்றைப் பழைய கம்பனியிடம் எழுத்தில் பெற்று, புதிதாக அணுகும் ஒவ்வொரு கம்பனியிடமும் அதைக் காட்டிக் கழிவு கேட்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து நிரந்தரமாகத் திரும்புகிறவர்கள் அங்குள்ள கம்பனியின் கடிதத்தைப் புறப்படுமுன்பே வாங்கிக்கொள்வது நல்லது. அதை இங்கே எல்லோரும் ஏற்பதில்லை என்றாலும் கேட்பதில் நட்டமில்லை. போனஸ் காருக்கு உரியது, வாங்கிய காரோடு அதுவும் வந்துவிடும் என்று நம்புவது இதற்கு எதிர்ப்பக்கத் தவறு. போனஸ் காப்புறுதி செய்தவருக்கு உரியதே அன்றி வாகனத்துக்கு உரியதன்று.

இரண்டாவதாக, சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பார்க்காமலே காப்புறுதிக்குப் பணம் கட்டுவது. இலகுரக வாகனங்களுக்கான அனுமதிப்பத்திரம் எட்டு ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் என்பதால், பத்து ஆண்டுகள் ஓட்டாதிருந்தவரின் அட்டை பெரும்பாலும் காலாவதியாகியே இருக்கும். புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் வேண்டும், அதற்கு நாள் எடுக்கும். செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இல்லாத ஒருவர் ஓட்டுகையில் நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு மறுக்கக் கம்பனிக்கு இடமிருப்பதால், முதலில் அட்டை, பிறகு காப்புறுதி என்ற ஒழுங்கே சரியானது. விடுமுறையில் வந்து மூன்று மாதம் தங்குகிறவர்கள் கனடா அட்டையைக் காட்டி ஓட்டலாம் என்று எண்ணுவதும் இதே வகைதான். அந்த அட்டை இங்கே எந்த நடைமுறையின் மூலம் செல்லுபடியாகும் என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும், அதன்மேல் காப்புறுதி பொருந்துமா என்பதைக் கம்பனியிடம் எழுத்திலும் உறுதிப்படுத்தாமல் சாவியைத் தொடவேண்டாம்.

இனி, பிறருக்கு நேரும் இழப்பை மட்டும் ஈடுசெய்யும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியா, உங்கள் காரின் சேதத்தையும் ஈடுசெய்யும் முழுக் காப்புறுதியா என்ற கேள்வி. வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழோடு ஏதேனுமொரு காப்புறுதிச் சான்றிதழ் போதும் என்பதால், மலிவான மூன்றாம் தரப்புக் காப்புறுதியை எடுத்து வேலையை முடித்துவிடுவோம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்துவது, உங்கள் வாகனத்தால் பிறருக்கு நேரும் உயிரிழப்பையும் உடற்காயத்தையும் ஈடுசெய்யும் பாதுகாப்பையே. உங்கள் காருக்கு நேரும் சேதம் அதில் அறவே அடங்காது. பிறருடைய சொத்துக்கு நேரும் சேதத்துக்கும் பத்திரத்தில் ஓர் உச்சவரம்பு இருக்கும். கை பழக்கம் விட்டுப்போனவர் மதிலில் உரசுவதும் பின்னோக்கி எடுக்கையில் முச்சக்கர வண்டியில் மோதுவதும் முதல் ஆண்டில்தான் அதிகம் நிகழக்கூடியவை. எனவே கார் மிகப் பழையதாகவும் பெறுமதி குறைந்ததாகவும் இருந்தாலன்றி, முதல் ஆண்டுக்கு முழுக் காப்புறுதியும் பழக்கம் திரும்பிய பின் மறுபரிசீலனையும் என்பதே என் கருத்து. லீசிங்கில் உள்ள கார் என்றால் இந்தத் தெரிவே கிடையாது. முழுக் காப்புறுதியை லீசிங் கம்பனி கேட்டே தீரும்.

மிகுந்த நட்டத்தைத் தருவதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் பெறுமதி பற்றிய தவறு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ரூபாயும் வீழ்ந்து பழைய கார்களின் விலை ஏறியதால், ஓட்டுவதை நிறுத்தியபோது மனத்தில் பதிந்திருந்த விலையையே இன்றும் படிவத்தில் எழுதுகிறவர், தன் காரைப் பாதி பெறுமதிக்குக் காப்புறுதி செய்தவராக ஆகிவிடக்கூடும். அப்படி எழுதினால் கட்டுப்பணம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் சந்தைப் பெறுமதிக்குக் குறைவாகக் காப்புறுதி செய்யப்பட்ட வாகனத்துக்கு இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் நிபந்தனை பல பத்திரங்களில் உண்டு. சந்தையில் 60 இலட்சம் ரூபாய் பெறும் காரை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்து, 3 இலட்சம் ரூபாய் சேதம் ஏற்பட்டால், கையில் கிடைக்கக்கூடியது 2 இலட்சம். அதிலிருந்தும், ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்களே ஏற்பதாக ஒப்புக்கொண்ட தொகையான முதற்பங்கு கழியும். எதிர்ப்புறமாக, சந்தை விலைக்கு மேல் எழுதினால் கட்டுப்பணம்தான் கூடுமே தவிர, கார் முழுதாக அழிந்தாலும் அன்றைய சந்தைப் பெறுமதிக்கு மேல் பொதுவாகக் கிடைக்காது. விற்பனை விளம்பரங்கள் சிலவற்றைப் பார்த்து, அதே ஆண்டு, அதே மாதிரிக் கார் இன்று என்ன விலை போகிறது என்று அறிந்தபின் எழுதுவதும், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கையில் அதைத் திருத்துவதும் போதுமானது.

பழைய காரை வாங்கி மீண்டும் ஓட்டத் தொடங்குகிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. நம் பகுதியில் கார்கள் உரிமைமாற்றம் செய்யப்படாமல், கையொப்பமிட்ட திறந்த பத்திரங்களோடு கைமாறுவது வழக்கமாகிவிட்டது. பழைய உரிமையாளரின் பெயரிலுள்ள காப்புறுதி இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, முடிந்தபின் பார்ப்போம் என்று ஓட்டுகிறவர், விபத்தன்று தனக்கும் அந்தப் பத்திரத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு விடை தேடவேண்டி வரும். உரிமைமாற்றச் செலவை மிச்சம் பிடிப்பதைப் போன்ற வீண் சிக்கனம் வேறில்லை.

படிவத்தில் உண்மையை மறைப்பதும் அப்படித்தான். காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது என்பதால், முக்கியமான விவரமொன்று மறைக்கப்பட்டது தெரியவந்தால் கம்பனி பொறுப்பை மறுக்கலாம். முகவர் நிரப்பிய படிவத்தில் கண்ணை மூடிக் கையொப்பமிடுகிறவர்களுக்கு, அதில் எழுதியிருப்பது எல்லாம் தம் வாக்குமூலம் என்பது நினைவிருப்பதில்லை. ஆங்கிலப் படிவம் விளங்காவிட்டால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வீட்டில் ஒருவரை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். இங்கே அதிகம் மறைக்கப்படும் விவரம் பாவனை. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சுற்றுலாப் பயணிகள் நிறையும் மாதங்களில், வீட்டில் சும்மா நிற்கும் காரை ஓரிரு நாள் வாடகைக்கு விடுவது பெரிய காரியமாகத் தோன்றாது. தனிப்பட்ட பாவனைக்கென எடுத்த காப்புறுதி, கூலிக்கு ஓடிய நாளில் நேர்ந்த விபத்துக்குக் கைகொடுக்காது.

விலக்குகளின் பட்டியலை வாசிப்பவர்கள் அரிது. கடற்காற்றில் ஆண்டுக்கணக்கில் நின்ற காரின் துருவும் தேய்மானமும் எந்தக் காப்புறுதியிலும் அடங்காது. பழைய காரின் உதிரிப்பாகங்களை மாற்றும்போதும் வயதுக்கேற்ற ஒரு பங்கை உரிமையாளர் ஏற்கவேண்டியிருக்கும். கட்டுப்பணத்தைக் குறைப்பதற்காக வெள்ளப் பாதுகாப்பு விடப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வடகீழ்ப் பருவமழையில் மகாவலி பெருகும் மூதூர், வெருகல் பக்கங்களில் கார் வைத்திருப்பவர் அதை விட்டுவிட்டு வேறெதைச் சேர்த்தாலும் அர்த்தமில்லை. வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பும் தனியாகச் சேர்க்கப்படுவதே. அதற்கான தொகை சிறியது என்பதால் நான் அதை வெட்டச் சொல்லமாட்டேன். மாறாக, நீங்கள் ஏற்கும் முதற்பங்கைச் சற்று உயர்த்திக்கொள்வது கட்டுப்பணத்தைக் குறைக்கும் நேர்மையான வழி. அந்தத் தொகையை அவசரத்துக்குப் புரட்டக்கூடியவராக இருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

காப்புறுதி எடுத்த பின்னும் மலிவு தொடரவேண்டுமானால், சிறு கீறல்களுக்கெல்லாம் இழப்பீடு கோரக்கூடாது. திருத்தச் செலவையும், கோரினால் அடுத்த ஆண்டு இழக்கப்போகும் போனஸையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டால், பல வேளைகளில் கைக்காசைச் செலவழிப்பதே இலாபமாக இருக்கும். ஆனால் பெரிய சேதம் என்றாலோ, வேறொருவர் காயப்பட்டாலோ, ஹபரண வீதியில் யானையோ மாடோ குறுக்கிட்டு விபத்து நேர்ந்தாலோ, இடத்தைவிட்டு நகருமுன் கம்பனியின் அவசர இலக்கத்துக்கு அறிவிக்கவேண்டும். வீட்டுக்கு வந்து மறுநாள் அறிவித்ததனாலேயே சிக்கலான கோரிக்கைகள் பல.

முகவரிடம் காசு கொடுத்தால் கம்பனியின் பற்றுச்சீட்டை அன்றே பெறுங்கள். கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டதாகக் கருதினால், முதலில் கம்பனியிடமே எழுத்தில் முறையிட்டு, அதன் பதிலும் திருப்தி தராவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ போகலாம். அப்போது கேட்கப்படுவது நீங்கள் கையொப்பமிட்ட படிவத்தின் பிரதியைத்தான், ஆகையால் அதைக் காரின் டாஷ்போர்டில் அல்லாமல் வீட்டில் வையுங்கள்.