சூரியன் ஏன் நான்காம் நாளில்? படைப்புக் கதையை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான். "சூரியனே நாலாம் நாள்தான் வந்துச்சுன்னா, முதல் மூணு நாளும் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி ஆச்சு?" கேட்ட பிள்ளையை "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று உட்கார வைப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. இதே கேள்வியை மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆதித் திருச்சபையின் வேத அறிஞர் ஓரிகன் கேட்டுவிட்டார். சூரியனும் சந்திரனும் இல்லாமல் மூன்று நாட்கள் கழிந்தன என்பதை, புத்தியுள்ள எவர் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்வார் என்றார் அவர். திருச்சபை அன்று முதல், படைப்புக் கதையைச் சொல்லும் வேதத்தின் முதல் நூலான ஆதியாகமத்தை நேர்ப்பொருளில் மட்டுமே வாசித்தது, டார்வின் வந்த பிறகுதான் சிலர் வளைத்துப் பொருள் சொல்ல ஆரம்பித்தார்கள் என்ற நினைப்பு வரலாற்றுக்குப் பொருந்தாது.

திருச்சபைத் தந்தை அகுஸ்தீனும் அப்படித்தான். தேவன் எல்லாவற்றையும் ஒரே நொடியில் படைத்தார், ஆறு நாட்கள் என்பது நாம் புரிந்துகொள்வதற்கான வரிசை என்று அவர் கருதினார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு எழுதிய விளக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் வைத்தார். வானத்தையும் பூமியையும் பற்றிப் பிறர் நன்றாக அறிந்திருக்கும் விஷயத்தில், ஒரு கிறிஸ்தவர் வேதத்தின் பேரைச் சொல்லித் தப்பாகப் பேசினால், அவர் சொல்லும் உயிர்த்தெழுதலை யார் நம்புவார்கள்? ஆயிரத்து அறுநூறு வருஷம் கழிந்தும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்ற கணக்கும் வேதத்தில் இல்லை. அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர், வம்ச வரலாறுகளைக் கூட்டிக் கழித்து 1650-இல் வெளியிட்டது அது. 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சாகி, வசனத்தோடு வசனமாகப் பலர் மனதில் ஒட்டிக்கொண்டது.

சரி, அந்தப் பிள்ளைக்கு என்ன பதில்? இந்த வசனங்களை முதன்முதலில் கேட்டவர்கள் யார் என்று பார்த்தால் பதில் கிடைக்கும். ஆதியாகமம் முதல் அதிகாரம் பாபிலோன் சிறையிருப்புக் காலத்திலோ அதையொட்டியோ இன்றைய வடிவம் பெற்றது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டு, மக்கள் அந்நிய மண்ணில் இருந்த காலம். அங்கே சூரியன் ஷமாஷ் என்ற தெய்வம். சந்திரன் சின் என்ற தெய்வம். பாபிலோனியரின் படைப்புக் காவியத்தில், அவர்களுடைய தலைமைத் தெய்வம் மார்துக் கடல்தேவி தியாமத்தைக் கொன்று அவள் உடலைப் பிளந்து, ஒரு பாதியை வானமாக்குகிறான். தோற்ற தெய்வமொன்றின் இரத்தத்திலிருந்து மனிதர் உண்டாக்கப்படுகிறார்கள். எதற்கு? தெய்வங்களின் வேலைச் சுமையைச் சுமக்க.

இதைக் கேட்டுக் கேட்டுத் துவண்டவர்களிடம் ஆதியாகமம், சூரியனை அதன் பெயரைச் சொல்லிக்கூடக் குறிப்பிடாமல் "பெரிய சுடர்" என்கிறது. சந்திரன் "சிறிய சுடர்". இரண்டும் நான்காம் நாளில் ஏற்றப்பட்ட விளக்குகள். வெளிச்சம் அவற்றுக்கு முந்தியது, தேவனிடமிருந்து வந்தது. மனிதரோ அடிமைகள் அல்ல, தேவசாயல். அந்த உலகில் ராஜாக்களுக்கே உரிய அந்தப் பட்டத்தை இந்த அதிகாரம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்துக் கொடுக்கிறது. நான்காம் நாளை வானியல் பிழை என்று ஒருவர் கேலி செய்வதும், இன்னொருவர் மேகம் விலகித்தான் சூரியன் தெரிந்தது என்று சமாளிப்பதும், இவ்வளவு பெரிய செய்தியைத் தவறவிடுகின்றன.

இதையொட்டி இன்னொரு தவறு உண்டு. படித்தவர்களிடம்தான் இது அதிகம். "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்றால் பிரபஞ்சத்தின் தொடக்கமாக அறிவியல் சொல்லும் பெருவெடிப்பு, ஒரு நாள் என்றால் கோடிக்கணக்கான வருஷம் என்று அறிவியலை வசனத்துக்குள் திணிப்பது. அந்தக் கணக்கிலும் மூன்றாம் நாளில் முளைத்த மரங்கள் ஒரு யுகம் முழுக்கச் சூரியனுக்காகக் காத்திருக்க வேண்டும்! பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது லெமைத்ருக்கு அது சங்கடமாகவே இருந்தது. தம் கோட்பாடு எந்த மதக் கேள்விக்கும் வெளியே நிற்பது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அறிவியல் கோட்பாடு நாளை மாறலாம்; அதில் கட்டி வைத்த வசனம் அப்போது என்ன ஆகும்?

அப்புறம், ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களையும் பிசைந்து ஒரே கதையாக்குவது. முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பிறகு மனிதர். இரண்டாவதில் முதலில் மனிதன், பிறகு மிருகங்கள், கடைசியில் பெண். முதலாவதில் "தேவன்" பேசினாலே போதும், உண்டாகிறது. இரண்டாவதில் "தேவனாகிய கர்த்தர்" மண்ணைப் பிசைந்து நாசியில் ஊதுகிறார். இந்த முரணைத் தொகுத்தவர்கள் கவனிக்காமல் விட்டிருக்க முடியாது. தெரிந்தேதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்று எட்ட முடியாத உயரம், மற்றது கையில் ஒட்டிய மண். இரண்டில் ஒன்றைக் குறைத்தாலும் நஷ்டம் நமக்குத்தான்.

ஆப்பிள் பழம் ஆதியாகமத்தில் இல்லை. பாம்பு சாத்தான் என்றும் அங்கே சொல்லவில்லை. அது பின்னால் வந்த வாசிப்பு.

மிகுந்த காயம் உண்டாக்கிய தவறுகள் இரண்டு. ஒன்று, முதல் அதிகாரத்தில் தேவன் மனிதரிடம் சொல்லும் "ஆண்டுகொள்ளுங்கள்" என்பதைக் காட்டையும் ஆற்றையும் சுரண்டக் கிடைத்த உரிமமாக எடுத்துக்கொண்டது. 1967-இல் வரலாற்றாசிரியர் லின் ஒயிட் இதற்காகக் கிறிஸ்தவத்தையே குற்றம் சாட்டினார். 2015-இல் போப் பிரான்சிஸ் தம் சுற்றுமடலில், கிறிஸ்தவர்கள் சில வேளை வேதத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, தோட்டத்தைப் "பண்படுத்தவும் காக்கவும்" என்ற அடுத்த அதிகார வசனத்தைச் சுட்டிக்காட்டினார். இரண்டாவது, இரண்டாம் அதிகாரம் பெண்ணைக் குறித்துச் சொல்லும் "ஏற்ற துணை" என்பதைக் கையாள், எடுபிடி என்று ஆக்கியது.

இந்த இரண்டுக்கும் 121-ஆம் சங்கீதத்தில் பதில் இருக்கிறது. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்கள்" என்கிறோமே, அந்த ஒத்தாசைக்கும் பெண்ணைக் குறிக்கும் துணைக்கும் எபிரெயத்தில் ஒரே சொல், ஏசெர். தேவன் செய்யும் உதவிக்கு வழங்கும் சொல் அது. "உன்னைக் காக்கிறவர் உறங்கார்" என்பதில் வரும் காப்பதும், மனிதன் தோட்டத்தைக் காப்பதும் ஒரே வினைச்சொல்தான். அடுத்த கல்யாண ஆராதனையில் "ஏற்ற துணை" வாசிக்கும்போது, இந்தச் சங்கீதத்தையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள்.