ஹீட்டிங் பம்ப் வால்வு கசிகிறதா? கண்ட நட்டை இறுக்காதீர்கள்

பிரிட்டனில், வெந்நீரைப் பம்ப் மூலம் ரேடியேட்டர்களுக்குச் சுழற்றிச் சூடாக்கும் பழைய பாணி ஹீட்டிங் உள்ள வீடுகளில், வெந்நீர் சிலிண்டர் நிற்கும் அலமாரிக்குள்ளேயே பம்பும் இருக்கும், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு வால்வு. அதிலிருந்து சொட்டு விழுவதைப் பார்த்ததும் பெரும்பாலானோர் ஸ்பானரை எடுத்து கைக்கு எட்டிய நட்டை இறுக்கிவிடுகிறார்கள். அங்கேதான் சின்னக் கசிவு பெரிய கசிவாகிறது. ஒரு வால்வில் தண்ணீர் வர மூன்று இடங்கள் உண்டு: திருகும் தண்டைச் சுற்றியுள்ள சின்ன நட், பம்போடு சேரும் பெரிய யூனியன் நட், செப்புக் குழாயோடு சேரும் கம்ப்ரெஷன் நட். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

எங்கே என்று தெரிந்துகொள்ள, எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்துவிட்டு, டிஷ்யூ தாளை மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பிலும் சுற்றிப் பாருங்கள். தண்ணீர் குழாய் வழியே இறங்கி எங்கோ கீழே சொட்டும், அதைப் பார்த்து நல்ல பம்பையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள். சூடாக இருக்கும்போது ஒருமுறை, காலையில் ஹீட்டிங் போடும் முன் ஒருமுறை என இரண்டு வேளையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் சில இணைப்புகள் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே கசியும், சூடானதும் உலோகம் விரிந்து அடைத்துக்கொள்ளும். ஈரமே இல்லாமல் பச்சையோ வெள்ளையோ பொருக்கு மட்டும் படிந்திருந்தால் அதுவும் கசிவுதான், சூட்டில் காய்ந்துபோயிருக்கிறது.

கை வைக்கும் முன் கரண்டை அணைக்க வேண்டும். பம்புக்கு வருவது 230 வோல்ட், சொட்டும் தண்ணீர் அதன் வயர்ப் பெட்டிக்குள் போயிருக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் குறைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது ஆபத்தான தவறு. பாய்லர் அணைந்த பிறகும் உள்ளே தேங்கிய சூட்டை வெளியேற்ற பம்பைச் சிறிது நேரம் ஓடவைக்கும் அமைப்பு பல வீடுகளில் உண்டு. ஹீட்டிங் முழுவதற்கும் கரண்ட் கொடுக்கும் ஃப்யூஸ் ஸ்விட்சை அணையுங்கள், ஃப்யூஸையும் கழற்றி வையுங்கள், தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள்.

தண்டில் கசிந்தால் வால்வையே மாற்ற வேண்டும் என்று சொல்பவர்களை உடனே நம்பிவிடாதீர்கள். உள்ளே ஒரு தகடு ஏறி இறங்கி மூடும் கேட் வால்வாக இருந்தால் தண்டைச் சுற்றியுள்ள நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கினாலே பல நேரம் நின்றுவிடும். நிற்காவிட்டால், தண்ணீரை வால்வின் மட்டத்துக்குக் கீழே வடித்துவிட்டு, நட்டைத் தளர்த்தி, பிடிஎஃப்இ டேப்பை (குழாய் வேலைக்குப் பயன்படும் மெல்லிய வெள்ளை நாடா)க் கயிறுபோல் முறுக்கித் தண்டைச் சுற்றித் திணித்து மறுபடி மூடலாம். உள்ளே துளையுள்ள உருண்டை சுழன்று மூடும், ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் பால் (ball) வால்வு என்றால் பெரும்பாலும் மாற்றுவதுதான் வழி.

யூனியன் நட்டில் நடக்கும் தவறு வேறு மாதிரி. மரையில் டேப்பைச் சுற்றுகிறார்கள், ஆனால் அங்கே தண்ணீரைத் தடுப்பது மரை அல்ல, உள்ளே இருக்கும் தட்டை வாஷர். பம்பைக் கழற்றினால் பழைய வாஷரை மறுபடி போடாதீர்கள், அது ஒருமுறை அமுங்கினால் அமுங்கியதுதான். இரண்டு முகங்களையும் சுரண்டிச் சுத்தம் செய்து புதியது போடுங்கள். கம்ப்ரெஷன் நட்டிலும் இதே கதை: அடைப்பது உள்ளே குழாயைச் சுற்றி இருக்கும் ‘ஆலிவ்’ என்ற சின்ன உலோக வளையம், மரையில் டேப் சுற்றிப் பயனில்லை. வலுவாக இறுக்கினால் ஆலிவ் நசுங்கிக் குழாயும் குறுகும், அதற்குப் பிறகு அந்தத் துண்டை வெட்டித்தான் ஆக வேண்டும். எதை இறுக்கினாலும் ஒரு ஸ்பானரால் வால்வின் உடலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருப்புங்கள், இல்லையென்றால் முறுக்கம் அடுத்த இணைப்புக்குப் போய் அங்கே புதுக் கசிவு தொடங்கும்.

அப்புறம் இன்னொரு தவறு, பல வருடமாகத் தொடாத வால்வு மூடினால் முழுதாக மூடும் என்று நம்பிப் பம்பைக் கழற்றுவது. வீடு நனைவது இதனால்தான். இரண்டையும் மூடிவிட்டு, யூனியனைக் கொஞ்சம் மட்டும் தளர்த்தி, கீழே வாளி வைத்துப் பாருங்கள். உள்ளே தேங்கியது வடிந்ததும் நின்றால் சரி. நிற்காமல் வந்தால் திரும்ப இறுக்கிவிட்டு முழுதாக வடித்துதான் வேலை, வடித்ததே வடித்தோம் என்று இரண்டு வால்வுகளையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. இறுகிப்போன வால்வை முரட்டுத்தனமாகத் திருகினால் தண்டு முறிந்துவிடும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இன்னொன்று. சொட்டுத்தானே என்று விட்டுவிட்டு, அழுத்தம் குறையும்போதெல்லாம் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருப்பது. புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் வருகிறது, ரேடியேட்டர் உள்ளுக்குள் அரிக்கிறது, அதனால் உண்டாகும் கறுப்புச் சேறு கடைசியில் பம்பையும் பாய்லரையும் அடைக்கிறது. கூரைக்குக் கீழே தனித் தொட்டி உள்ள வீடுகளில் அது தானாகவே நிரம்பிக்கொள்வதால் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது. கசிவை அடைக்கும் திரவத்தை ஊற்றுவதும் இந்த வால்வுகளுக்குத் தீர்வல்ல.

சிலிண்டர் இல்லாமல் தேவைப்படும்போதே வெந்நீர் தரும் காம்பி பாய்லர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பம்ப் வால்வு வேலை பொருந்தாது. பம்ப் பாய்லருக்குள்ளேயே இருக்கிறது, மூடியைத் திறக்காமல் கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் பதிவேடு) பதிவு உள்ளவரை அழையுங்கள். மற்றவர்கள் வேலை முடிந்து தண்ணீர் நிரப்பும்போது துரு தடுக்கும் இன்ஹிபிட்டரையும் மறக்காமல் சேருங்கள், வடித்தபோது பழையது போய்விட்டது. காற்றை வெளியேற்றி, ஹீட்டிங்கை முழுச் சூட்டுக்கு ஓட்டி, ஆறிய பிறகு அதே டிஷ்யூவால் மறுபடி பாருங்கள்.