நல்ல தண்ணீர் பட்டால் செத்துவிடும்: உப்பளத்தில் புதிய நுண்ணுயிர் தேடுவது எப்படி?

தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளையும் நேரத்தில் சில பாத்திகளின் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறத்துக்கு முக்கியக் காரணம், கடும் உப்பில் வாழும் ஹாலோஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள். நுண்ணோக்கியில் பாக்டீரியாவைப் போலத் தெரிந்தாலும், இவை ஆர்க்கியா என்ற தனி வம்சம். ஆய்வுக்கூடத்தில் ஓர் இடமும் வழிகாட்ட ஒருவரும் கிடைத்தால், உயிரியல் மாணவர் எவரும் இவற்றில் புதிய இனம் தேடலாம்.

1. மாதிரி

உப்பளக்காரரிடம் அனுமதி கேட்டு, உப்பு படியும் பாத்தியிலிருந்து எடுங்கள். கடல்நீரில் உப்பு 3.5 சதவீதம்தான், இங்கே 25 சதவீதத்தைத் தாண்டும். வெப்பநிலையையும் உப்பின் அளவையும் அங்கேயே குறித்துவிடுங்கள்.

2. வளர்ப்பு

தட்டுகளில் ஊற்றும் வளர்ப்பு ஊடகத்துக்கு, லிட்டருக்கு 200 முதல் 250 கிராம் உப்பு, 20 கிராம் மக்னீசியம் சல்பேட், 2 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 5 கிராம் ஈஸ்ட் சாறு, கூழாக உறையவைக்க 20 கிராம் அகர். ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைச் சேர்த்தால் பாக்டீரியாத் தொல்லை குறையும். அந்த மருந்து தாக்கும் செல்சுவர்ப் பொருள் ஆர்க்கியாவிடம் கிடையாது.

மாதிரியை நீர்க்கச் செய்வதும் உப்புக் கரைசலில்தான். நான் முதல் முறை பழக்கதோஷத்தில் உப்பில்லாத காய்ச்சி வடித்த நீரை ஊற்றிவிட்டேன். பொட்டாசியம் உப்பு நிறைந்த செல்லுக்குள் நல்ல தண்ணீர் பாய்ந்தால் அது வெடித்துவிடும். இரண்டு வாரம் காலித் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை புள்ளிகள் தெரிந்தன; துள்ளிக் குதித்தேன். அத்தனையும் உப்புப் படிகங்கள்! தட்டு காயாதபடி பிளாஸ்டிக் பையில் மூடி, 37 டிகிரியில் மூன்று, நான்கு வாரமாவது வையுங்கள்.

பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு செய்தி: சதுர வடிவ ஹாலோகுவாட்ரேட்டம் என்ற ஹாலோஆர்க்கியா, சினாய் பாலைவன உப்புக்குட்டையில் கண்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. அதை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடிந்தது 2004இல்தான்.

3. தூய்மைப்படுத்தல்

தட்டில் புள்ளியாகத் தெரியும் தனிக் காலனியை (செல் கூட்டத்தை) எடுத்து, புதுத் தட்டில் மூன்று முறையாவது கோடிழுத்து வளருங்கள். பாதியைக் கிளிசராலில் உறையவைத்துவிடுங்கள்.

4. மரபணு ஒப்பீடு

நுண்ணுயிர்களை அடையாளம் காணப் பயன்படும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவின் வரிசையைப் படித்து, பெயரிடப்பட்ட இனங்களோடு ஒப்பிடுங்கள். ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதிய இனமாக இருக்க வாய்ப்புண்டு. இங்கேதான் ஹாலோஆர்க்கியா ஆளை ஏய்க்கும். ஹாலோஆர்குலா போன்றவற்றில் ஒரே செல்லுக்குள் இந்த மரபணுவின் பிரதிகள் ஒன்றுக்கொன்று சுமார் 5 சதவீதம் வேறுபடும். ஒரு பிரதியை மட்டும் நம்பினால், ஒரே உயிர் இரண்டு இனமாகத் தோன்றும். ஆகவே ஆர்என்ஏ தயாரிக்கும் நொதியின் ஒரு பகுதிக்கான ஆர்பிஓபி பிரைம் (rpoB′) மரபணுவையும் சேர்த்துப் பாருங்கள்.

5. முழு மரபணுத்தொகுதி

உயிரின் முழு டிஎன்ஏவையும் படித்து ஒப்பிடுங்கள். புதிய இனம் என்றால், மிக நெருங்கிய இனத்தோடு சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை (டிஎன்ஏ எழுத்துகள் பொருந்தும் அளவு) 95 சதவீதத்துக்கும், கணினிவழி டிஎன்ஏ கலப்பு அளவு (இரண்டு டிஎன்ஏக்களும் ஒன்றோடொன்று ஒட்டும் அளவின் கணிப்பு) 70 சதவீதத்துக்கும் கீழே இருக்கவேண்டும். 16எஸ் என்ன சொன்னாலும் நான் இதைத்தான் நம்புவேன்.

6. பதிவும் பெயரும்

எந்த உப்பில், எந்தச் சூட்டில் வளர்கிறது, செல்சவ்வில் என்ன கொழுப்பு என்பதையெல்லாம் அட்டவணையாக்குங்கள். உயிருள்ள வளர்ப்பை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்கவேண்டும். இந்தியாவில் எடுத்த மாதிரி என்றால் உயிரியல் பன்மைச் சட்டத்தின் விதிகளையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பெயருக்கு, மாதிரி எடுத்த ஊரின் பெயரில் லத்தீன் விகுதி சேர்க்கலாம். மதிக்கும் ஆசிரியரின் பெயரையும் சூட்டலாம். சொந்தப் பெயரை வைத்துக்கொள்வது மட்டும் மரபில்லை.