துளை சிராமிக்கில் மருந்து ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலும்புக்குள் சீழ் பிடித்தால் செத்த எலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டுக் குழியைச் சுத்தம் செய்வார்கள். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் ரத்தக்குழாய் வழியே ஏற்றும் ஆன்டிபயாட்டிக் தேவையான அளவுக்கு அங்கே போய்ச் சேராது. குழியிலேயே மருந்து இருக்க வேண்டும் என்பதற்காக 1970களில் எலும்பு சிமென்ட் மணிகள் வந்தன. அவை கரையாதவை, பிறகு இன்னொரு அறுவை செய்து எடுத்தாக வேண்டும். எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொள்ளும் ஹைட்ராக்ஸிஅபடைட், மெல்லக் கரையும் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் போன்ற துளை சிராமிக்குகள் (துளைகள் நிறைந்த, பீங்கான் போன்ற பொருள்கள்) மீது ஆர்வம் வந்ததற்கு இதுவே காரணம்.

இந்தத் துளைகளில் மருந்து ஏற்றும் வேலையில், ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ஆண்டுதோறும் அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். தராசைச் சரிபார், கையுறை போடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முக்கி எடுத்து, ஓவனில் காயவைத்து, 'கட்டுப்படுத்தப்பட்ட வெளியீடு' (மருந்து மெதுவாக, சீராக வெளிவருவது) என்று சொல்லிக்கொள்வது

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஹைட்ராக்ஸிஅபடைட் கனசதுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பருமனில் 60 சதவீதம் துளை என்றால் பிளாக்கின் எடை சுமார் 1.26 கிராம், துளைகளின் கொள்ளளவு 0.6 மில்லி. மில்லிக்கு 50 மில்லிகிராம் வான்கோமைசின் (ஓர் ஆன்டிபயாட்டிக்) உள்ள கரைசல் நிரம்பினால் 30 மில்லிகிராம் மருந்து ஏறும். கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் பிளாக்கை பீக்கரில் போட்டுவிட்டுக் குமிழி நின்றதும் 'நிரம்பிவிட்டது' என்று எடுத்துவிடுகிறார்கள். சுற்றிலும் நீர் ஏறிவிட்டதால் நடுவில் சிக்கிய காற்றுக்கு வெளியேற வழியில்லை. அதனால்தான் குமிழி நின்றது. எடுத்தவுடன் எடை போட்டால் உண்மை தெரிந்துவிடும். 1.86 கிராம் அளவுக்கு வர வேண்டும். 1.56 என்றால் பாதித் துளையில் இன்னும் காற்றுதான் இருக்கிறது. ஏறியது 15 மில்லிகிராம். அந்த 15-உம் முதல் நாளிலேயே கரைந்து போகும். ஏற்றியது 30 என்று எழுதிவைத்தவர் கண்ணுக்கு, 50 சதவீதம் வெளியேறி வரைபடம் சமமாகி நிற்பது தெரியும். "மீதிப் பாதி உள்ளே இருக்கிறது, மெதுவாக வரும்" என்று அறிக்கையில் எழுதுவார். உள்ளே எதுவுமே இல்லை. மாதக்கணக்கான வேலை இப்படி வீணாவதைப் பார்க்கையில் இன்றும் எரிச்சலாக இருக்கிறது. ஒரே ஒரு முறை தராசில் வைத்திருந்தால் போதும்.

உலர்ந்த பிளாக்கை வேக்கம் டெசிகேட்டரில் (பம்பால் காற்றை இழுத்தெடுக்கக்கூடிய மூடிய பாத்திரம்) வைத்து முதலில் காற்றை இழுத்துவிடுங்கள். வேக்கத்தை விடாமலே, பிளாக் மூழ்கும்வரை கரைசலை உள்ளே விடுங்கள். கரைசல் வந்தபின் பம்பைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது. 25 டிகிரியில் சுமார் 32 மில்லிபாரிலேயே தண்ணீர் கொதிக்கும், கரைசல் நுரைத்துப் பொங்கும். பிறகு காற்றைத் திறந்துவிட்டால் வெளி அழுத்தமே கரைசலைத் துளைக்குள் தள்ளும். எடை போடும் முன் மேற்பரப்பை ஈரமான ஃபில்டர் தாளால் ஒற்றுங்கள். காய்ந்த தாள் துளைக்குள் இருப்பதையும் உறிஞ்சிவிடும்.

அடுத்தது ஓவன். ஆவியாதல் மேற்பரப்பில்தான் நடக்கிறது. உள்ளிருக்கும் கரைசலை நுண்துளைகள் வெளியே இழுக்கின்றன. செங்கல் சுவரில் உப்புப் பூப்பதுபோல, மருந்து வெளி ஓட்டில் வந்து படிந்துவிடும். உணவுச் சாயம் ஏற்றிய இரண்டு பிளாக்குகளில் ஒன்றை 60 டிகிரி ஓவனிலும், மற்றதை உறையவைத்து ஃப்ரீஸ் டிரையரிலும் (பனியை உருகவிடாமல் நேரடியாக ஆவியாக்கும் கருவி) உலர்த்தி, இரண்டையும் உடைத்துப் பாருங்கள். ஓவனில் காய்ந்ததில் ஓரம் அடர்ந்தும் நடு வெளிறியும் இருக்கும்.

சரி, மருந்து சீராகவே ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திறந்த பெரிய துளைகள் மருந்தைப் பிடித்து வைக்காது. நீரில் வான்கோமைசினின் பரவல் கெழு (எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைக் காட்டும் எண்) ஏறத்தாழ 3×10⁻⁶ சதுர செ.மீ./விநாடி. நடுவிலிருந்து மேற்பரப்புக்கு 5 மில்லிமீட்டர். தூரத்தின் வர்க்கத்தைக் கெழுவால் வகுத்தால் கிட்டத்தட்ட ஒரு நாள். துளைப்பாதை வளைந்து நெளிந்து போவதால் கூடச் சில நாள் ஆகலாம், வாரக்கணக்கில் நீளாது. எலும்பு வளர 100 மைக்ரானுக்கு மேற்பட்ட துளை வேண்டும், மருந்தைத் தடுக்க அதைவிட மிகச் சிறிய துளை வேண்டும். ஒரே துளை இரண்டு வேலையும் செய்யாது. பிஎல்ஜிஏ போன்ற, உடலில் மெல்லக் கரையும் பாலிமரை மேலே பூசலாம், அல்லது மருந்தையே அதில் கலந்து ஏற்றலாம். எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் பிஸ்பாஸ்போனேட்போல ஹைட்ராக்ஸிஅபடைட்டைத் தானே இறுகப் பற்றும் மருந்தென்றால் பூச்சே தேவைப்படாமல் போகலாம். 1992இல் ஒசாகா குழுவினர் பிளாக்கின் நடுவில் குழி விட்டு அதற்குள் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் பொடியை வைத்தார்கள். 12 வாரம் வரை மருந்து வந்தது. மருந்து எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே வேகத்தை மாற்றிவிட்டது.

எடுத்த ஒரு மில்லியை மறப்பது

பிளாக்கைப் போட்டுவைத்த 10 மில்லி பஃபரிலிருந்து (அமிலத்தன்மை மாறாமலிருக்கும் கரைசல்), வெளிவந்த மருந்தை அளக்க 1 மில்லி எடுத்துப் புதிய பஃபரால் ஈடு செய்கிறீர்கள். முதல் நாள் மில்லிக்கு 0.5 மில்லிகிராம், இரண்டாம் நாளும் அதே 0.5. வெளியீடு நின்றுவிட்டதா? இல்லை. முதல் நாள் எடுத்த மாதிரியோடு 0.5 மில்லிகிராம் போய்விட்டது, மொத்தம் 5.5. ஒவ்வொரு முறை எடுத்ததையும் கூட்டிக்கொண்டே வர வேண்டும்.

ஜென்டாமைசினை நேரடியாக யூவியில் அளப்பது

அதற்கு யூவியில் (புற ஊதா ஒளியில்) அளக்கப் பயன்படும் அளவுக்கு ஒளி உறிஞ்சல் கிடையாது. ஓ-தாலால்டிஹைடு என்ற வேதிப்பொருளுடன் வினைபுரியவைத்த பிறகு அளக்க வேண்டும்.

மருந்து ஏற்றிய பிளாக்கை ஆட்டோகிளேவ் செய்வது (அழுத்த நீராவியில் கிருமி நீக்குவது)

செய்யாதீர்கள். பிளாக்கைத் தனியே கிருமி நீக்குங்கள். மருந்துக் கரைசலை 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடித்து, கிருமியற்ற சூழலில் ஏற்றுங்கள்.

280 நானோமீட்டரை மட்டும் நம்புவது

வான்கோமைசினை 280 நானோமீட்டர் அலைநீளமுள்ள யூவி ஒளியில் அளக்கலாம். ஆனால் பிளாக்கிலிருந்து உதிர்ந்த பொடி ஒளியைச் சிதறடித்து அளவை ஏற்றிக் காட்டும். மாதிரியை வடிகட்டிய பிறகே க்யூவெட்டில் (ஒளி ஊடுருவும் அளவைக் குப்பி) ஊற்றுங்கள். அதைவிடப் பெரிய சிக்கல், 37 டிகிரி நீரில் வாரங்கள் கடந்தால் வான்கோமைசின் சிதைந்து வீரியம் இழப்பது. சிதைந்த பொருளும் அதே அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். ஆகவே நீண்ட நாள் மாதிரிகளை ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா பரப்பிய முல்லர்-ஹின்டன் அகார் (பாக்டீரியா வளர்க்கும் ஊடகம்) தட்டிலும் வைத்து, பாக்டீரியா வளராத தெளிந்த வட்டத்தை அளந்து பாருங்கள். பஃபர் கெடாமலிருக்க சோடியம் அசைடு சேர்த்திருந்தால் அதுவே பாக்டீரியாவைத் தடுக்கலாம்; மருந்தில்லாத பிளாக் கிடந்த அதே பஃபரை ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் வையுங்கள்.