பழனிக்கு நடக்க எண்ணுபவர்களுக்கு

தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை செல்பவர்கள் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நடக்கிறார்கள். பேருந்தில் ஏறினால் அரை நாளில் போய்ச் சேரலாம் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே நடப்பதனால்தான் அந்த வலி, கேளாமல் வந்து சேரும் துன்பத்தைப் போல மனத்தைக் கசக்காமல், விரும்பிச் செலுத்தும் காணிக்கையாகிறது.

ஆகவே முதல் ஆயத்தம் காலுக்கு அன்று. பிள்ளையின் உடல்நலத்துக்கான வேண்டுதலோ, குடியை விட்டதற்கான நன்றியோ, எதற்காக நடக்கிறோம் என்பதை மாலை அணியும் நாளிலேயே முடிவுசெய்து வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். கொப்புளம் உடைந்த காலோடு விடியற்காலை மூன்று மணிக்கு எழும்போது உங்களை நடத்திச் செல்லப்போவது அந்தக் காரணம்தான்.

ஒரு மாதத்துக்கு முன்பே நாள்தோறும் 5 கிலோமீட்டரில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள்கள் நீண்ட தூரம் நடந்து பார்ப்பது அவசியம், ஏனெனில் களைத்த காலோடு மறுநாள் நடப்பதே உண்மையான பயிற்சி. வெயில் ஏறினால் தார்ச்சாலை சுடும். அதிகாலையிலும் மாலையிலும் நடந்து நண்பகலில் ஓய்வெடுங்கள். கொப்புளத்தின் தோலை உரிக்காமல் சுத்தமாக மூடி வையுங்கள். இரவில் ஒளிரும் பட்டை அணிந்து, எதிரே வரும் வண்டிகள் தெரியும்படி சாலையின் வலது ஓரமாகச் செல்லுங்கள். சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. செருப்பு அணிவதால் வேண்டுதல் குறைந்துவிடும் என்று நான் நம்பவில்லை. எதைச் சுமப்பது என்பதை நாமே தேர்ந்துகொள்ளும்போது, எதைச் சுமக்கக் கூடாது என்பதையும் தேர்ந்துகொள்ளத்தான் வேண்டும்.

நடையைவிடக் கடினமானது ஒன்று உண்டு. வழியோரப் பந்தல்களில் முன்பின் அறியாதவர்கள் நீர்மோரும் சுக்குக் காபியும் சோறும் கொடுத்து, சில இடங்களில் காலுக்கு எண்ணெய் கூடத் தேய்த்துவிடுகிறார்கள். கொடுத்தே பழகியவருக்கு அங்கே கை நீட்டி நிற்பது முதல் நாள் கூச்சமாக இருக்கும். பையில் பணம் இருக்கிறது என்று சொல்லி ஒதுங்கிவிடாதீர்கள். வாங்கிக் குடித்துவிட்டு, கொடுத்தவரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு நடங்கள். யாத்திரையில் எனக்கு நெஞ்சில் நின்றவை இந்த நிமிடங்களே.

குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தையே எல்லோரும் ஏற்றுக்கொள்ளுங்கள். பழனியில் மலையேற விஞ்ச் என்னும் இழுவை ரயில் வசதி உண்டு; முழங்கால் வீங்கியவர்கள் தயங்காமல் அதில் செல்லலாம். மற்றவர்கள், கடைசியாக வருபவர் அடிவாரத்தை அடையும் வரை காத்திருந்து, அவரோடு சேர்ந்து படியேறுங்கள்.