ஆம்ப் ஹெட்டின் ரீங்காரம் அடங்கிய விதம்

ஏற்காட்டு வீட்டில் ஜாஸ் கிட்டார் வாசிக்க, விலை அதிகமான வால்வு வகையைத் தவிர்த்து, தெளிந்த ஒலி தரும் சிறிய டிரான்சிஸ்டர் ஆம்ப் ஹெட் (ஸ்பீக்கர் பெட்டி சேராத ஆம்ப்ளிஃபையர்) ஒன்றை வாங்கினேன். மென்மையான கார்டுகளுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுக்கு) இடையே ஓயாத ரீங்காரம் கேட்டது. கேபிளையும், தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்பையும் மாற்றியும் பயனில்லை. ஆனால் சேலம் அஸ்தம்பட்டியில் நண்பர் வீட்டில் அதே ஹெட் அமைதியாக இருந்தது.

தந்தியில் விரல் பட்டதும் இரைச்சல் குறைந்ததும், சிமெண்ட் தரையில் வெறுங்காலுடன் நின்று தொட்டபோது சுருக்கென்றதுமே வீட்டின் எர்த் இணைப்பில் கோளாறு என்பதற்கான துப்பு. பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றச் சொன்னார் ஒருவர். உயிருக்கே ஆபத்தான அந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

எலக்ட்ரீஷியன் அளந்தபோது, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழப் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 80 வோல்ட் காட்டியது. தோட்டத்து எர்த் குழாயில் கிளாம்ப் துருவேறி, செம்புக் கம்பி பச்சை பூத்து விலகியிருந்தது. குழாயைச் சுரண்டிப் புதிய கிளாம்பை முறுக்கி, காய்ந்திருந்த குழியில் தண்ணீர் ஊற்றிய பின் அளவு 2 வோல்ட்டுக்கு இறங்கியது, ரீங்காரமும் நின்றது.